கோலார் தங்கவயலுக்குக் குடும்பத்தோடு போகலாமா? கடலூரிலிருந்து இரண்டு நாள்

கெடிலக்கரையான் (கடலூர்) – சனி காலை

வணக்கம் நண்பர்களே. பொங்கல் கழிந்து கிடைக்கிற இரண்டு நாள் லீவில் கோலார் தங்கவயலுக்குப் போகலாமென்று வீட்டில் பேச்சு. ஆரம்பித்து வைத்தவன் ஒன்பதாவது படிக்கிற என் பையன். அந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படத்தைப் பார்த்ததிலிருந்து, அந்த ஊர் நிஜமாவே இருக்கா என்று நச்சரிக்கிறான். வீட்டம்மாவுக்குக் கோடி லிங்கம் கோவில் பார்க்க ஆசை. மாமனாரும் வருகிறார். எழுபது வயது. நேரத்துக்குச் சாப்பாடும் உட்கார நிழலும் இருந்தால் அவருக்குப் போதும்.

அங்கே தங்கம் எடுத்தார்கள், அப்புறம் மூடிவிட்டார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை தூரம் கார் ஓட்டிப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல ஆகிவிடக் கூடாது. போனவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் பையன் – சனி காலை

கண்டிப்பா போங்க அண்ணே! செம மாஸான இடம். ஆசியாவிலேயே முதல்ல கரண்ட் வந்த ஊர், உலகத்திலேயே ஆழமான சுரங்கம். கூண்டு லிஃப்ட்ல கீழே இறக்கி விடுவாங்களான்னு மட்டும் யாராவது சொல்லுங்க, நானும் வண்டியைக் கிளப்புறேன்.

சுரங்கப்பழசு (நெய்வேலி) – சனி மதியம்

தம்பி மஞ்சக்குப்பம், இறக்கி விட மாட்டார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடியாயிற்று. தண்ணீர் இறைக்கும் பம்புகளை நிறுத்திய பிறகு சுரங்கத்துக்குள் என்ன ஆகும் என்று நெய்வேலிக்காரனைக் கேள். கீழே இருப்பதெல்லாம் இப்போது வெள்ளம்.

நான் இறங்கியிருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் வேலை நிமித்தமாக நாலு பேர் போனோம். நம்ம நெய்வேலிச் சுரங்கம் மேலிருந்து மண்ணை வாரி வாரி எடுக்கிற திறந்தவெளிச் சுரங்கம். கீழே நின்றாலும் தலைக்கு மேல் வானம் தெரியும். அங்கே அப்படியில்லை. இரும்புக் கூண்டில் ஆளோடு ஆளாக நெருக்கி நிற்க வைத்துச் சங்கிலியை மாட்டினார்கள். மணி அடித்ததும் கால் கீழே தரை இல்லாதது போல விழுந்தோம். காது அடைத்துக்கொண்டது. ஒரே கூண்டில் அடிவரைக்கும் போய்விட முடியாது. ஒரு மட்டத்தில் இறங்கி, சுரங்கத்துக்குள்ளேயே நடந்து, அடுத்த கூண்டு பிடிக்க வேண்டும். எங்களைப் பாதி ஆழத்துக்கும் கூட்டிப் போகவில்லை. அதற்கே சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அங்கே இருந்த சுரங்கங்களில் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் மனிதன் நிற்கவே முடியும். 'உலகத்திலேயே ஆழம்' என்பது ஒரு காலத்துப் பேச்சு. இப்போது தென்னாப்பிரிக்காவில் 4 கிலோமீட்டரை நெருங்கும் சுரங்கமே இருக்கிறது.

கெடிலக்கரையாரே, வரலாறு கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்கேல் லவேல் என்ற அயர்லாந்துக்காரர் 1871 வாக்கில் ஒரு பழைய கட்டுரையைப் படித்துவிட்டு மாட்டு வண்டியில் கோலாருக்குக் கிளம்பினார். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு வந்த சிப்பாய் அவர். 1875-ல் மைசூர் அரசிடம் குத்தகை வாங்கினார், ஆனால் ஆழமாகத் தோண்டக் கையில் பணம் இல்லை. அது கைமாறி, 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. சில வருடம் நட்டத்தில் ஓட்டிய பிறகுதான் சாம்பியன் என்று பேர் வைத்த, பாறைக்குள் ஓடும் பொன் ரேகை அகப்பட்டது. 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயர். எல்லாம் சேர்த்து 800 டன்னுக்கு மேல் தங்கம். ஆரம்பத்தில் ஒரு டன் பாறையை இடித்தால் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது. கடைசியில் மூன்று நான்கு கிராமுக்கே மூச்சு வாங்கியது. அதையும் 3 கிலோமீட்டர் கீழேயிருந்து தூக்கி வர வேண்டும். கணக்கு எங்கே நிற்கும்? மூடாமல் என்ன செய்வது?

சாம்பியன் மகள் (கடலூர் முதுநகர்) – சனி இரவு

பொதுவாக நான் இங்கே படிப்பதோடு சரி. 'மூடாமல் என்ன செய்வது' என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பிறந்தது சாம்பியன் ரீஃப்ஸில், லைன் வீட்டில். கல்யாணமாகி முதுநகர் வந்து இருபத்திரண்டு வருடம். இன்னமும் என் பேச்சைக் கேட்டுவிட்டு 'ஆந்திராவா?' என்கிறார்கள். தமிழ்தான், ஆனால் கன்னடமும் தெலுங்கும் நடுவில் இங்கிலீஷும் கலந்த தமிழ். எங்கள் ஊரில் யாரும் 'சுரங்கத்தில் வேலை' என்று சொல்ல மாட்டார்கள். 'அண்டர்கிரவுண்டா, சர்ஃபேஸா?' இதுதான் கேள்வி. மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் கேட்பதும் அதுதான். என் தாத்தா அண்டர்கிரவுண்ட், அப்பாவும் அண்டர்கிரவுண்ட்.

லைன் வீடு என்றால் ஒரே அறை, முன்னால் ஒரு சின்ன இடம். அந்தக் காலத்தில் மூங்கில் தட்டியில் மண் பூசியவை, அதனால் தட்டி வீடு என்பார்கள். நூறு வீட்டுக்குப் பொதுவாகக் குழாயடி. சங்கு ஊதினால் ஊர் எழுந்திருக்கும், சங்கு ஊதினால் ஊர் சாப்பிடும். நேரம் கெட்ட நேரத்தில் ஊதினால் மட்டும் பெண்கள் எல்லாரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் (சுரங்கக் குழி) பக்கம் ஓடுவார்கள். கீழே பாறை தானாக வெடிப்பதை நாங்கள் ஏர்பிளாஸ்ட் என்போம். மேலே வீட்டில் அலமாரிப் பாத்திரம் கடகடவென்று ஆடும். அம்மா பாத்திரத்தைப் பிடிக்க மாட்டாள், சுவரில் இருக்கும் மாதா படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்பா எந்த மட்டத்தில் வேலை என்பது அவளுக்குத் தெரியும். சத்தத்தை வைத்து ஆழத்தை மதிப்பிடப் பார்ப்பாள்.

அப்பா போனது இருமலில். நாற்பது வயதுக்குள் அந்த இருமல் வராத வீடு எங்கள் லைனில் குறைவு. கல்தூசி நுரையீரலில் படிந்து கல்லாகவே ஆகிவிடும், சிலிகோசிஸ். ஐயா சொல்லும் டன் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தப் படம். என் பிள்ளைகளும் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் யாரோ வந்து மீட்கட்டும் என்று காத்துக் கிடந்தவர்கள் அல்ல. 1930-ல் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது ஆயிரக்கணக்கான பேர் 21 நாள் வேலைக்குப் போகவில்லை. 1946 நவம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள், ஊரில் இன்றைக்கும் அஞ்சலி நடக்கிறது. சாதியை எதிர்த்துப் பௌத்தத்தைக் கையிலெடுத்த அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் ஆரம்பித்த 'தமிழன்' இதழை வரி விடாமல் படித்த ஊர் எங்களுடையது. அவர் மறைந்து பல வருடம் கழித்து, அதே இதழை அவர் வழி வந்த அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே நடத்தினார். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. ஊரில் நிலம் இல்லாத, தெருவில் நடக்க விடாத மக்கள், கையில் ரொக்கக் கூலி வாங்கியதும் முதலில் செய்தது சங்கம் வைத்ததும் பேப்பர் படித்ததும்தான். பையனைக் கூட்டிப் போனால் இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

கெடிலக்கரையான் – ஞாயிறு காலை

அக்கா, ராத்திரி படித்துவிட்டு வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மாமனார் ஒன்று சொன்னார்: திருக்கோவிலூர் பக்கம் அவர்கள் ஊரில் ஒரு வீட்டுக்குக் 'கோலார்க்காரன் வீடு' என்று பேராம். அந்தக் கோலார் இந்தக் கோலார்தான் என்று இன்றைக்குத்தான் அவருக்கே உறைத்தது.

சாம்பியன் மகள் – ஞாயிறு காலை

ஆமாம். வட ஆர்க்காடும் சேலமும்தான் அதிகம், சித்தூர்ப் பக்கமும் உண்டு. தென்னார்க்காட்டு ஆட்களும் இருந்தார்கள். எங்கள் தாத்தாவே செங்கம் பக்கத்தவர்.

வாக்கியப் பஞ்சாங்கம் (புதுச்சேரி) – ஞாயிறு மதியம்

தங்கவயல் கதையின் முதல் அத்தியாயம் புதுச்சேரியைத் தொடுவதை இங்கே யாரும் சொல்லவில்லையே!

லவேல் படித்த 'பழைய கட்டுரை' என்று நெய்வேலி ஐயா சொன்னாரே, அதை எழுதியவர் ஜான் வாரன். திப்பு 1799-ல் வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லைகளை அளக்க வேண்டியிருந்தது. 1802-ல் கிழக்கு எல்லைக்கு வந்த பிரிட்டிஷ் படை லெப்டினன்ட் இவர். உரிகம், மாரிக்குப்பம் பக்கம் மண்ணில் பொன் இருப்பதாகக் காதில் விழுந்தது. கொண்டுவந்து காட்டுபவர்களுக்கு வெகுமதி என்றார். கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரிலேயே தண்ணீரில் அலசினார்கள், பொன் துகள் மின்னியது. மாரிக்குப்பத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்துக் கை மாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அதை இடித்துத் தூளாக்கியதையும் எழுதி வைத்தார்.

இந்த வாரன் ஆங்கிலேயரே இல்லை. அயர்லாந்து வேர் கொண்ட பிரெஞ்சுப் பிரபு வம்சம், பிறந்தது இத்தாலியின் லிவோர்னோவில். கோலாருக்குப் பிறகு சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். கடைசிக் காலத்தில் நம் புதுச்சேரிக்கு வந்து தங்கி, 1830-ல் இங்கேயே இறந்தார்.

எனக்கு அவர்மேல் பிடிப்பு வந்தது தங்கத்தால் இல்லை. தென்னிந்தியர் காலத்தைக் கணக்கிடும் முறைகளைப் பற்றி 1825-ல் 'காலசங்கலித' என்று ஒரு தடித்த நூல் போட்டார். அதில் புதுச்சேரியில் இருந்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி வருகிறது. அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்பி, எந்த ஏட்டையும் பார்க்காமல், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை முணுமுணுத்தபடியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். எழுத்துகளையே எண்களாக வைத்துக்கொண்ட வாக்கியங்கள், இன்றைக்கும் நாம் வாங்குகிற வாக்கியப் பஞ்சாங்கத்தின் வழிமுறை. வாரன் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, வானியல் வரலாற்று அறிஞர்கள் அந்தப் பக்கங்களைத் தேடிப் படித்தார்கள்.

ஆக, கோலாரில் தங்கம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் நம்ம ஊர் மண்ணில் அடக்கம்.

ஆற்றுமணல் – ஞாயிறு மாலை

'கண்டுபிடித்தவர்' என்ற வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் போகும்போதே குழி இருந்தது, இறங்க ஆள் இருந்தது, இடிக்கப் பெண்கள் இருந்தார்கள், அலசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அப்புறம் இவர் என்னத்தைக் கண்டுபிடித்தார்? என் வீட்டுக் கிணற்றை விருந்தாளி எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கண்டுபிடித்தேன் என்றால் நான் சிரிப்பேன்.

வாக்கியப் பஞ்சாங்கம் – ஞாயிறு மாலை

சரி, ஒப்புக்கொள்கிறேன். 'எழுதி வைத்தவர்' என்று வாசித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதி வைத்ததும் சின்ன விஷயமில்லை. அந்தக் கட்டுரை இல்லையென்றால் லவேல் வந்திருக்க மாட்டார். சோழிக் கணக்குக்காரரும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

ஆற்றுமணல் – ஞாயிறு மாலை

லவேல் வராமலிருந்தால் முதுநகர் அக்காவின் அப்பா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்னவோ.

சாம்பியன் மகள் – ஞாயிறு இரவு

அப்படி வேண்டாம் தம்பி. அந்தச் சுரங்கம் இல்லையென்றால் என் தாத்தா செங்கம் பக்கத்தில் யாரோ ஒருவர் வயலில் பண்ணையாளாகவே இருந்திருப்பார். நான் பத்தாவது தாண்டியிருக்க மாட்டேன். சுரங்கம் எங்களை என்னவெல்லாம் செய்தது என்று எனக்குத் தெரியும். அது இல்லாமல் என்னவாகியிருப்போம் என்றும் தெரியும்.

மஞ்சக்குப்பம் பையன் – திங்கள் காலை

அக்கா, மன்னிக்கணும், படத்தை வெச்சுப் பேசிட்டேன். ஆனா அந்தக் கரண்ட் விஷயமாவது நிஜமா?

சுரங்கப்பழசு – திங்கள் காலை

பாதி நிஜம். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின் நிலையம் வைத்து, அங்கேயிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் மின்சாரம் அனுப்புவது பெரிய சாகசம். பெங்களூரு தெருவிளக்கே 1905-ல்தான், அதே நிலையத்திலிருந்து. ஆனால் ஆசியாவில் முதல் என்பது சரியில்லை. டார்ஜிலிங்கில் 1897-லேயே சின்னதாக நீர்மின் நிலையம் ஓடியது.

யோசித்துப் பார், அந்தக் கூண்டை இழுத்தது காவிரித் தண்ணீர். அதே தண்ணீர்தான் இறங்கி வந்து கொள்ளிடமாக நம்ம மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கடலைத் தொடுகிறது.

கரும்பலகை (நெல்லிக்குப்பம்) – திங்கள் இரவு

இயற்பியல் வாத்தியார் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். கெடிலக்கரையார் பையன் ஒன்பதாவது என்பதால் இது அவனுக்கு.

விண்ணிலிருந்து எந்நேரமும் துகள்கள் நம் மேல் மழையாகப் பெய்கின்றன. நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்க வேண்டுமானால் இந்த மழை நனைக்காத இடம் வேண்டும். ஏனென்றால் நியூட்ரினோ எதிலும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும், கோடானுகோடியில் ஒன்றுதான் அகப்படும். மேலே வைத்த கருவியில் மற்ற துகள்களின் இரைச்சலில் அது தொலைந்தே போகும். 2 கிலோமீட்டர் பாறையைக் குடையாகப் பிடித்தால்? அதைத்தான் தங்கவயலில் செய்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். 1965-ல், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடம் கிடைத்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் அதே வருடம் பிடித்தது. இரண்டு அறிவிப்புக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம்தான் இடைவெளி. பிறகு புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று பார்க்க எண்பதுகளில் அங்கேயே ஒரு பெரிய இரும்புக் கருவியும் வைத்தார்கள். சுரங்கம் தேய்ந்ததும் ஆய்வும் நின்றுபோயிற்று.

கண்ணுக்குத் தெரிய இப்போது அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் கூண்டை ஏற்றி இறக்கிய இரும்புக் கோபுரங்களுக்கு முன்னால் நிற்கும்போது பையனிடம் சொல்லுங்கள், காலுக்குக் கீழே இது நடந்தது என்று.

வில்லியனூர் ஸ்டியரிங் (புதுச்சேரி) – செவ்வாய் காலை

எல்லாரும் வரலாறு பேசுகிறீர்கள், மனுஷன் வழி கேட்டானே, அதை யாரும் சொல்லவில்லை. நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன், மூன்று முறை கூட்டிப் போயிருக்கிறேன்.

பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி. அங்கிருந்து குப்பம் வழியாகத் தங்கவயல். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் காலைச் சாப்பாடு திருவண்ணாமலையில், மதியம் தங்கவயலில். பௌர்ணமி நாளாக இருந்தால் திருவண்ணாமலையை நினைத்தும் பார்க்காதீர்கள். ரயில்தான் பிடிக்கும் என்றால் காட்பாடி, ஜோலார்பேட்டை, பங்காரப்பேட்டை. பங்காரப்பேட்டையிலிருந்து சுரங்கத்துக்காகவே 1890களில் போட்ட கிளைப் பாதை இருக்கிறது. உரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு ஸ்டேஷன், கடைசியில் மாரிக்குப்பம். காலையில் அந்த ரயிலைப் பார்க்க வேண்டும். ஊரே பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறது.

பார்ப்பதற்கு என்ன? சுரங்க வாசல் எதற்கும் கிட்டே விட மாட்டார்கள். கோபுரங்கள் ரோட்டிலிருந்தே தெரியும். சயனைடு மேடு என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மணல் குன்றுகள்தான் கண்ணைப் பறிக்கும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய கழிவை நூறு வருடம் கொட்டிக் கொட்டி மலையாக்கியது. வெளுத்த மஞ்சள், மழை அறுத்த வரி வரியான பள்ளங்கள். சினிமாக்காரர்கள் சும்மாவா வந்தார்கள்! ஆனால் மேலே ஏறிப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், காற்றடித்தால் அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. பெரியவரையும் பையனையும் தூரத்தில் நிறுத்துங்கள்.

சாம்பியன் ரீஃப்ஸில் வெற்றி மாதா கோவில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் மேட்டுப் பக்கம். ஒரு காலத்தில் குட்டி இங்கிலாந்து என்பார்களாம். பங்களாவையும் லைன் வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே போதும், யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கடைக்காரரிடம் தமிழிலேயே பேசலாம், பலகை கன்னடத்தில் இருந்தாலும். கட்சிக்கொடியைப் பார்த்தால் தமிழ்நாட்டிலேயே இருக்கிறோமோ என்று சந்தேகம் வரும். அ.தி.மு.க. அங்கே சட்டசபைத் தொகுதியையே ஜெயித்திருக்கிறது.

கோடி லிங்கம் கோவில் கம்மசந்திராவில், பக்கத்திலேயே. 108 அடி லிங்கமும் 35 அடி நந்தியும். சுற்றிலும் பக்தர்கள் வைத்த லிங்கங்கள், கால் வைக்க இடமில்லாமல். பழமை எதுவும் இல்லை, எல்லாம் நம் காலத்தில் கட்டியது. அதனால் சிற்பம் பார்க்கிற கண்ணோடு போகாமல் திருவிழா பார்க்கிற மனதோடு போங்கள். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள், தரை சுடும். திரும்பும்போது பங்காரப்பேட்டையில் பானி பூரி சாப்பிடாமல் வந்தால் போன பலன் இல்லை. பச்சை நிறம் இருக்காது, தெளிந்த தண்ணீர், ஆனால் காரம் காதில் ஏறும்.

தங்கும் இடம் மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். போன தடவை நாங்கள் நேரில் போய்க் கேட்ட விடுதியில் சொன்ன வாடகை ஒன்று, காலையில் நீட்டிய பில் ஒன்று.

வாக்கியப் பஞ்சாங்கம் – செவ்வாய் மதியம்

பழமை வேண்டுமென்றால் கோலார் நகரத்துக்கே போய்விடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கோலாரம்மா கோவிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோலாரின் பழைய பெயர் குவளாலம். பவணந்தி முனிவரை நன்னூல் எழுதச் சொன்ன சீயகங்கன் நினைவிருக்கிறதா? அந்தக் கங்க மரபினர் பட்டத்தில் சுமந்த 'குவளாலபுரம்' இதுதான். பள்ளிக்கூடத்தில் நன்னூல் சூத்திரம் ஒப்பிக்காமல் அடி வாங்கியதற்குக் காரணமானவரின் ஊர்.

அப்புறம், தங்கவயலை ஒட்டிய பெத்தப்பள்ளியில் தலையணை எரிமலைக் குழம்புப் பாறை இருக்கிறது. தண்ணீருக்கடியில் பீறிட்ட குழம்பு தலையணை தலையணையாக உறைந்தது, தேசிய புவியியல் சின்னம். வயது ஏறக்குறைய 270 கோடி ஆண்டு. நம் பக்கத்துத் திருவக்கரை கல்மரங்களும் அதே பட்டியலில்தான். ஆனால் அவற்றின் வயது வெறும் 2 கோடி, பேரப்பிள்ளை மாதிரி.

ஆற்றுமணல் – செவ்வாய் இரவு

எனக்கு ஒரே கேள்விதான், நெய்வேலி ஐயாவுக்கு. உங்கள் ஊரிலும் ஒரு நாள் பழுப்பு நிலக்கரி தீரும். அப்போது நெய்வேலிக்கும் இப்படி இரண்டு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்வோமா?

சுரங்கப்பழசு – புதன் காலை

குத்தலாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ பொங்கி வந்தது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்றைக்கு ஊர் ஊராகப் பெயர்ந்து போனவர்களின் பேரன்கள் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. அகலமான ரோடு, வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்பு, பள்ளிக்கூடம், மரம், எல்லாம் சுரங்கம் கொடுத்தது. தங்கவயலிலும் அப்படித்தான் இருந்தது. அங்கே 1964-ல் மண் அள்ளும் எந்திரம் செய்கிற பொதுத்துறைத் தொழிற்சாலை வந்ததால் கொஞ்சம் பேருக்காவது பிழைப்பு மிஞ்சியது.

நான் முதலில் எழுதியதில் ஒரு திருத்தம். மூடியது கணக்குப்படி சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் மூடப் போகிறோம் என்பது கிராம் குறையத் தொடங்கியபோதே தெரிந்த விஷயம். மாற்று வேலைக்கு வழி செய்ய இருபது முப்பது வருடம் இருந்தது. அதை முதுநகர் அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

சாம்பியன் மகள் – புதன் காலை

சொன்னதே போதும் ஐயா.

கெடிலக்கரையாரே, போனால் எனக்காக ஒன்று செய்வீர்களா? வெற்றி மாதா கோவிலிலிருந்து இறங்கும் சாலையில் இடது கை மூன்றாவது லைன். முனையில் ஒரு குழாயடியும் வேப்பமரமும் இருக்கும். ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அம்மா போன பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை.

கெடிலக்கரையான் – மூன்று வாரம் கழித்து, திங்கள் இரவு

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக பானி பூரிக்கு. மாமனார் நாலு தட்டு.

வில்லியனூர் அண்ணன் சொன்ன வழியிலேயே போனோம். ஊத்தங்கரை தாண்டி டயர் பஞ்சர், ஒரு மணி நேரம் போயிற்று. தங்கவயலுக்குள் நுழைந்ததும் பையன் முகம் தொங்கிவிட்டது. அவன் எதிர்பார்த்த இருட்டும் புகையும் இல்லை. சாதாரண ஊர், ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். சயனைடு மேட்டைப் பார்த்ததும்தான் வாயைத் திறந்தான். தூரத்திலேயே நின்றோம். சாயங்கால வெயிலில் அது மணல் மாதிரியும் இல்லை, மலை மாதிரியும் இல்லை. 'இவ்வளவும் கீழேயிருந்து ஆளுங்க தூக்கிட்டு வந்ததாப்பா?' என்றான். நியூட்ரினோ கதையையும் சொன்னேன். வாத்தியாரே, நான் சொன்னது சரியா என்று எனக்கே நிச்சயமில்லை, அவன் கேட்ட இரண்டாவது கேள்விக்கே பதில் தெரியவில்லை. உங்கள் நம்பரைக் கொடுத்துவிடவா?

கோடி லிங்கத்தில் வீட்டம்மாவுக்குத் திருப்தி. கோலாரம்மா கோவிலில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். பெத்தப்பள்ளிக்கு நேரமில்லை.

மாமனார்தான் ஆச்சரியம். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஒரு வெற்றிலைக் கடைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்து, திருக்கோவிலூர்க் 'கோலார்க்காரன் வீட்டை'ப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு தகவலும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். கிளம்பும்போது பெரியவர் வெற்றிலைக்குக் காசு வாங்கவில்லை.

அக்கா, நீங்கள் சொன்ன இடத்துக்குப் போனோம். மூன்றாவது லைன் முனையில் குழாயடி இருக்கிறது, வேப்பமரம் இல்லை, முருங்கை இருக்கிறது. பாதி வீடுகள் பூட்டு. ஒரு வீட்டில் புதிதாக நீலச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், வாசலில் நட்சத்திரம் தொங்கியது, கிறிஸ்துமஸுக்குக் கட்டியதை இன்னும் அவிழ்க்கவில்லை போல. படம் கீழே.

சாம்பியன் மகள் – திங்கள் இரவு

தம்பி, நீங்கள் கோவில் சாலையில் ஏறும்போது எண்ணியிருக்கிறீர்கள், நான் சொன்னது இறங்கும்போது. இது எங்கள் லைன் இல்லை, எதிர் லைன். அந்த முருங்கையையும் எனக்குத் தெரியும், அந்த வீட்டு அத்தை காய் பறிக்க விடமாட்டாள்.

உங்கள் படத்தில் வலது ஓரம், உங்கள் பையன் தோளுக்குப் பின்னால் பாதி தெரிகிறதே ஒரு வேப்பமரம், அதுதான் எங்களுடையது. பெரிசாகிவிட்டது.

கெடிலக்கரையான் – திங்கள் இரவு

அடடா. பெரிய அளவுப் படம் போனில் இருக்கிறது அக்கா, மரத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறேன். ஒரு நிமிஷம்.